கெணத்துல மிஞ்சின மூச்சு

வெள்ளிங்கிரி செத்துப்போனது தை மாசத்துலங்க, அவன் மூச்சு மேல வந்து சேர்ந்தது ஐப்பசியில. நடுவுல இருந்த மாசமெல்லாம் அவனை எந்தக் கணக்குல சேக்கறதுன்னு எங்க கருக்கங்காட்டுப்புதூர்ல ஒருத்தருக்கும் தெரியல. செத்தவன்னு சொன்னா அவன் பொண்டாட்டி சம்பூர்ணம் மொறைப்பா, இருக்கறான்னு சொன்னா சுடுகாட்டுல கொள்ளி வெச்சுட்டு வந்தவங்க மொறைப்பாங்க, ஆகமொத்தம் நாங்க எல்லாரும் “வெள்ளிங்கிரி கெணத்துல இருக்கறான்”னு சொல்லிப் பழகிட்டோம், சவுதியில இருக்கறான், பம்பாயில இருக்கறான்னு சொல்றதில்லையா, அந்த மாதிரி.

நான் ராமாத்தாள், பட்டறை கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை வெச்சிருக்கறேன். எனக்கு வாய் கொஞ்சம் எச்சு, அதை நானே சொல்லிப்போடறேன், இல்லாட்டி என்ர ஊட்டுக்காரர் வந்து சொல்லுவாரு. பட்டறைன்னா சலவைப் பட்டறைங்க. பனியன் துணிய வெளுத்து, சோப் ஆயில்ல கொதிக்க வெச்சு, அலசி, பளபளன்னு ஆக்கி அனுப்பற எடம். அலசின தண்ணிய சுத்தம் பண்ணித்தான் வெளிய விடோணும்னு சட்டம் இருக்குது, அதுக்குன்னு தொட்டியும் கட்டி வெச்சிருந்தாரு மொதலாளி, ஆபீசருங்க வந்தா காட்டறதுக்கு. தண்ணி போனதென்னமோ பட்டறைக்குப் பின்னால இருக்கற பழைய தோட்டத்துக் கெணத்துக்குத்தான், மண்ணுக்கடியில பதிச்ச குழாய் வழியா. அங்கிருந்து ஊறி ஊறி எங்க போர்த் தண்ணிக்கு வந்து, குடத்துல புடிச்சா குடத்துக்கு மேல இன்னொரு குடம் ஒசரத்துக்கு நொரை நிக்கும். என்ர கடையில டீய ஆத்தவே வேண்டியதில்லை, அதுவே நொரைச்சுக்கும். வெளியூர்க்காரன் எவனாவது குடிச்சுட்டு “அக்கா, டீ சூப்பருங்க”ம்பான், நான் பல்லைக் கடிச்சுட்டு நிப்பேன்.

அந்தக் குழாயை அடைக்கோணும்னு பொம்பளைங்க நாங்க காலிக் குடத்தோட நடுரோட்டுல உக்காந்து, பஸ்ஸை மறிச்சு, போலீஸ்காரங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, கடைசியில பொங்கல் கழிஞ்சு அடைச்சுப்போடறோம்னு மேனேஜர் வாயால சொல்ல வெச்சிருந்தோம். பொங்கல் கழிஞ்சுது. குழாயை மொதலாளி அடைக்கல, பஞ்சு போய் அதுவே அடைச்சுக்கிச்சு. அந்தப் பஞ்சை எடுத்துவிடத்தான் பட்டறையில வேலை செஞ்ச வெள்ளிங்கிரியைக் கெணத்துல எறக்குனாங்க. நல்லா நீச்சல் தெரிஞ்சவனுங்க அவன். ஆனா சோப்புத் தண்ணியில படி வழுக்குது, புடிக்கற கல்லு வழுக்குது, புடிக்கற கையும் வழுக்குது, என்ன பண்ணுவான் பாவம். தீயணைப்பு வண்டி வந்து பொழுது சாயத்தான் தூக்குனாங்க, பெரியாஸ்பத்திரியில அறுத்துக் குடுத்தாங்க, எரிச்சோம். அது வரைக்கும் எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்.

மறுநாள் உச்சிப் பொழுதுக்கு, ஒறம்பரை சனமெல்லாம் பந்தலுக்கடியில சாஞ்சு கெடக்கறப்ப, சம்பூர்ணம் எந்திரிச்சுக் கெணத்து மேட்டுக்குப் போனா. விழுந்துறப் போறாளேன்னு நான் பின்னாலயே ஓடுனேன். அவ விழுகறதுக்கெல்லாம் போகல, குனிஞ்சு பாத்துட்டு நின்னா. சூரியன் நேரா தலைக்கு மேல நின்னு கெணத்தோட அடி வரைக்கும் வெளிச்சம் எறங்கியிருந்துச்சு; அதுல, ஆழத்துல, நாலு குமிழி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நின்னுச்சு. மேல இருந்தது எலுமிச்சங்கா அளவு, அடியில இருந்தது கொண்டக்கடலை அளவு. நிக்குதுன்னுதான் நெனச்சேன். ரொம்ப நேரம் கண்ணு கொட்டாமப் பாத்தாத்தான் தெரியுது, அதுங்க ஏறிக்கிட்டு இருக்குது, ஒரு அரிசி நீளம் ஏற ஒரு மத்தியானம் ஆகற மாதிரி.

“அக்கா, அவரோட மூச்சுங்கக்கா”ன்னா சம்பூர்ணம். அழுகவுமில்லை, ஆச்சரியப்படவுமில்லை, தொலைஞ்ச சாவிய அலமாரிக்கடியில பாத்தவ மாதிரி சொன்னா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு.

சம்பூர்ணத்தோட மூத்தாரு சின்ராசு, வெள்ளிங்கிரிக்குக் கூடப்பொறந்த அண்ணன், கருமாதிக்கு நாள் குறிச்சு வெச்சிருந்தாரு. எங்க பக்கத்துல அன்னைக்குத்தானுங்க தாலிய வாங்கறது. அவரு கெணத்து மேட்டுல வந்து நின்னு எட்டிப் பாத்தாரு, துண்டை எடுத்து வாயில பொத்திக்கிட்டாரு, அப்பறம் பந்தல்காரனைக் கூப்புட்டு, “பிரிச்சுப்போடுப்பா, மூச்சு இன்னும் போகாதவனுக்கு எப்படிக் கருமாதி பண்றது”ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. பூசாரியும் அதுதான் மொறைன்னாரு. அதனால சம்பூர்ணம் கழுத்துல தாலியும் நெத்தியில பொட்டுமா மறுபடியும் பனியன் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போனா, புருசன் கெணத்துல இருக்கறான்னு.

மாசிக் கடைசியில மொதக் குமிழி மேல வந்து வெடிச்சுது. சின்ன வெங்காயமும் கம்மங்கூழும் மணந்துச்சுங்க, அன்னைக்குக் காத்தால அவன் சாப்புட்டுட்டுப் போனது. சம்பூர்ணம் மூக்கைத் தூக்கிக் கண்ணை மூடிக்கிட்டா. அடுத்தது வெடிச்சப்ப ஒரு இருமல், பட்டறைக்காரங்களுக்குன்னே வர்ற பஞ்சு இருமல், கெணத்துச் செவுத்துல முட்டி முட்டி மேல வந்துச்சு. நாங்க கூடியிருந்தவங்க எல்லாரும் நம்மளுக்குத்தான் தொண்டை கட்டிக்கிச்சோன்னு செருமிக்கிட்டோம். பங்குனியில மூணாவது. அதுல அவன் பேசுனான். வேலையில இருந்து வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டே பேசற அதே கொரல், ஒசத்தியுமில்லை தாழ்த்தியுமில்லை.

“அம்மிணி, நீ” அப்படின்னான். அத்தோட நின்னுபோச்சு.

மிச்சம் கடைசிக் குமிழியில இருக்குது. கொண்டக்கடலை அளவு குமிழிக்குள்ள எவ்வளவு பேச்சு புடிக்கும்னு எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. நீ பயப்படாத, அவ்வளவுதான் புடிக்கும்னான் ஒருத்தன். நீ பாப்பாவப் பாத்துக்கன்னு இருக்கும்னா ஒருத்தி. நீ வேற கண்ணாலம் பண்ணிக்கன்னு சொல்ல வந்திருப்பான், அவன் தங்கமான ஆளுன்னு ஒரு எடுபட்ட பய என்ர கடையிலயே உக்காந்து சொன்னான், சுடுதண்ணிய ஊத்திப்போடுவேன் எந்திரிச்சுப் போடான்னேன். மத்தியானச் சங்கு ஊதுனா பட்டறை ஆளுங்க சோத்துப் போசியைத் தூக்கிட்டு நேராக் கெணத்து மேட்டுக்குத்தான் போவாங்க. அங்க போனா போனை அமுத்தி வெச்சுருவாங்க, கொழந்தைங்க அழுதாப் பொத்துவாங்க, கெணத்துக்காரன் வெள்ளிங்கிரி பேசறப்ப நம்ம சத்தத்துல போயிறக்கூடாதுன்னு. ரேசன் கடையில ஆளு இருக்காரா இல்லையான்னு கேட்டதுக்கு, மேல வந்துட்டு இருக்காருங்கன்னு சொல்லி அவன் பங்கு சக்கரையையும் வாங்கியாந்தா சம்பூர்ணம், கடைக்காரரும் சரிம்மான்னு போட்டுக் குடுத்தாரு. எப்பவோ கெணத்துல குதிச்ச அக்காளைத் தேடி ஒரு கெழவர் தாராபுரத்துல இருந்து பஸ் ஏறி வந்து, எங்க கெணத்தை எட்டிப் பாத்துட்டு, “எங்க ஊரு நல்ல தண்ணிங்க, அவ மூச்சு அப்பவே போயிருக்கும்”னு சொல்லி ஒரு டீ குடிச்சுட்டுப் போனாரு.

அந்தக் கெழவர் சொன்னதைத்தான் மேனேஜர் கிருபாகரனும் சொன்னான். கெட்டவன்னு சொல்ல மாட்டேன், நல்லவன்னும் சொல்ல மாட்டேன், சம்பளத்துக்கு இருக்கற ஆளு. சம்பூர்ணம் அவங்கிட்ட, “ஏனுங் சார், இது எதனால இத்தனை மெதுவா வருதுங்க”ன்னு கேட்டா.

“சோப்புத் தண்ணிம்மா. வெறுந்தண்ணியில குமிழி வழுக்கிட்டு மேல ஓடியாந்துரும், ஒண்ணோட ஒண்ணு சேரும், மேல வந்ததும் பட்டுன்னு வெடிச்சுரும். சோப்பு இருந்தா அது குமிழியைச் சுத்தி ஒரு சட்டை மாதிரி ஒட்டிக்குது. அந்தச் சட்டையைத் தண்ணி புடிச்சு இழுக்குது. மெதுவாத்தான் ஏறும். பக்கத்துக் குமிழியோட சேராது. லேசுல ஒடையவும் ஒடையாது.”

“இன்னும் கொஞ்சம் சோப்பு சேத்துனா?”

“இன்னும் நிக்கும்”னான் அவன்.

ஒடையாதுன்ன அந்த ஒரு வார்த்தையை அவ தங்கத்தை முடிஞ்சுக்கற மாதிரி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. சோப்புலயே பொழைக்கறவங்க நாங்க. கறை போகலையா சோப்புப் போடு, பிசுக்கு போகலையா இன்னும் கொஞ்சம் போடு, அதைத் தவுத்து எங்களுக்கு வேற ரோசனை வந்ததே இல்லை. மறுநாளே சம்பூர்ணம் துணி தொவைச்ச தண்ணியக் கொடத்துல தூக்கிட்டுப் போய்க் கெணத்துல ஊத்துனா. அதைப் பாத்துட்டுப் பக்கத்து ஊட்டுக்காரியும் ஊத்துனா. அப்பறம் பாத்திரம் வெளக்குன தண்ணி, தலைக்கு ஊத்துன சீயக்கா, கண்ணாலத்துக்குச் சோப்புக் கட்டி, கோயில் நோம்பிக்குச் சோப்புக் கட்டி. மாரியாத்தா கோயில்ல தேங்கா ஒடைச்சுட்டு வர்றவங்க அப்படியே கெணத்துல ஒரு கட்டியப் போட்டுக் கும்புட்டுட்டுப் போனாங்க, அந்தப் புள்ளைக்கு அவ புருசன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு. மொதலாளி காருல வந்து எறங்கி, கைய நெஞ்சுல வெச்சு, “உங்களுக்கில்லாததா”ன்னு சொல்லி, அடைச்சிருந்த பஞ்சையும் எடுத்துப்போட்டுக் குழாயை முழுசாத் தொறந்துவிடச் சொன்னாரு. பகல்லயே விட்டாங்க. தொட்டிப் பக்கம் போறதையே நிறுத்திட்டாங்க. காலிக் குடத்தோட ரோட்டுல உக்காந்த நாங்களேதான் கும்புட்டு வாங்கிக்கிட்டோம், அதை நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது.

குமிழி நின்னுதான் போச்சு. சித்திரை போச்சு, வைகாசி போச்சு, அது அங்கயேதான். ஆனா எங்க தண்ணி சோறு வேக வெக்கவும் ஆகாமப் போச்சு. எருமை மூஞ்சியக் கொண்டுபோய்த் தொட்டியில வெச்சுட்டு வெடுக்குன்னு எடுத்துக்கும். கொழந்தைங்க ஒடம்பெல்லாம் சொறி, அதுலயும் சம்பூர்ணத்தோட மகள் கோபிகாவுக்குத்தான் எச்சு; அஞ்சு வயசுப் புள்ள, முட்டிக்குப் பின்னால தோல் உரிஞ்சு, சோறு தங்காம, வயித்தால போயிப் போயி வத்தல் மாதிரி ஆயிட்டா.

ஒருநாள் பொறுக்க மாட்டாம நேராவே கேட்டுப்போட்டேன். “ஏண்டி, புத்தி கித்தி இருக்குதா உனக்கு? செத்தவனுக்கு ஊத்தி ஊத்தி இருக்கறதைச் சாகடிக்கறயே.”

அவ மகளுக்கு வேப்பெண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தா. தலை நிமிரல. “அவரு இன்னும் சொல்லி முடிக்கலைங்கக்கா”ன்னா. “சொல்லி முடிக்காத வரைக்கும் ஆளு இருக்காருன்னுதானுங்க அர்த்தம். சொல்லி முடிச்சுட்டாருன்னா அப்பறம் நான் யாருகிட்ட என்னன்னு கேக்கறது?”

“என்ன பெருசாச் சொல்லிறப் போறான்?”

“அது எனக்குச் சொன்னதுங்க. பெருசோ சிறுசோ, என்னைக் கூப்புட்டுச் சொன்னது.”

நான் எந்திரிச்சுக் கடைக்கு வந்துட்டேன். என்ர ஊட்டுக்காரர் இருவது வருசமா என்கிட்ட சோறாச்சா, சில்லறை இருக்கான்னு கேட்டதைத் தவுத்து வேறென்ன சொல்லியிருக்காருன்னு அன்னைக்கு உக்காந்து யோசிச்சேன். ஒண்ணும் ஞாபகம் வரல, ஆனா இனிமே ஒண்ணுமே கேக்க மாட்டாருன்னு நெனச்சுப் பாத்தேன், அன்னைக்கு ராத்திரி அவரு சோறாச்சான்னு கேக்கற வரைக்கும் அடுப்படிய விட்டு நகரல.

ஆவணியில கோபிகாவ ஆஸ்பத்திரியில சேத்து ட்ரிப்ஸ் ஏத்துனாங்க. டாக்டரம்மா தண்ணிய மாத்துங்கன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. சம்பூர்ணம் அங்கிருந்து நேரா பட்டறைக்குப் போனா, நானும் போனேன். மேனேஜர் முன்னால கைகட்டி நின்னா.

“சார், போதுங்க சார். குழாயை அடைச்சுருங்க. அவரு வந்தா வரட்டுங்க, நான் கேட்டுக்கறேன். புள்ளைக்கு ஆகமாட்டேங்குதுங்க.”

அந்த ஒரு பேச்சைப் பேச அவளுக்கு ஆறு மாசம் ஆயிருக்குது, அவ மொகத்தைப் பாத்த எவனுக்கும் அது தெரியும். கிருபாகரனுக்கும் தெரிஞ்சுது. அவன் மேசையப் பாத்துக்கிட்டே சொன்னான், “இனி எப்படிம்மா. புது மெசினெல்லாம் போட்டாச்சு. தண்ணி எச்சா வருது, போக வேற எடமில்லை. நீங்கதானேம்மா கேட்டீங்க.”

மறுபடியும் ரோட்டுல உக்காரலாம்னு ஊடு ஊடாப் போய்க் கூப்புட்டேன். ஒருத்தியும் வரல. கெணத்துக்காரன் இருக்கறப்ப குழாயை அடைச்சாப் பாவமில்லையான்னு என்னையே கேட்டாங்க. சம்பூர்ணமே வேண்டாங்கறாளேன்னு சொன்னேன். அவளுக்குப் புள்ள வெசனம், என்னமோ சொல்லுவா, நம்மதான் நிதானமா இருக்கோணும்னுட்டாங்க. அவ ஒருத்திதான் ஊத்தறதை நிறுத்துனா. ஊரு ஊத்திக்கிட்டேதான் இருந்துச்சு.

ஐப்பசி மழை புடிச்சுது. காத்தால ஆரம்பிச்ச மழை, பொழுது உச்சிக்கு ஏறியும் விடல, நூல் நூலா இல்லைங்க, கொட்டற மழை. கொட்டற மழை அத்தனையும் அந்தச் சோப்புக் கெணத்துல நேரா விழுந்து, அடிச்சு, கலக்கி, குழாய்ல வர்ற தண்ணி ஒரு பக்கம் பீச்சி, கெணத்துக்குள்ள நொரை எழும்புச்சு. மொதல்ல படி மறைஞ்சுது, அப்பறம் மதில் மறைஞ்சுது, அப்பறம் கெணறே பொங்கற பாலாட்டம் வாய் தாண்டி வந்துச்சு. அந்தக் கடைசிக் குமிழி அப்ப ஒரு முழம் ஆழத்துல இருந்துச்சுன்னு முந்துன நாள் பாத்தவங்க சொல்றாங்க. மழைத் தண்ணி கலந்து அது எப்ப ஏறுச்சோ, எப்ப மேல வந்துச்சோ, யாரு கண்டா. வந்திருக்கும். வந்து, வெடிக்காம, சட்டையக் கழட்டாம, தன்னை மாதிரியே இருக்கற லட்சம் குமிழியோட குமிழியா நின்னிருக்கும். கிருபாகரன் சொன்னது அப்படியே பலிச்சுது.

மழை விட்டதும் காத்து அடிச்சுது. நொரை கெணத்தை விட்டுக் கெளம்பி, கட்டி கட்டியா, வேலி தாண்டி, பட்டறை மதில் தாண்டி, ரோட்டுல எறங்கிப் போச்சு. சம்பூர்ணம் அதுக்குள்ள ஓடுனா. இடுப்பு வரைக்கும் நொரைக்குள்ள நின்னு ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் காதுல வெச்சுக்கிட்டா, கீழ விட்டா, மறுபடி அள்ளுனா. “ஏனுங்க, ஏனுங்க”ன்னு கூப்புட்டா. அவனைப் பேர் சொல்லிக் கூப்புட்டதே இல்லையே, அப்பவும் வேற எப்படிக் கூப்புடறதுன்னு அவளுக்குத் தெரியல. அவ முடியெல்லாம் நொரை, மூஞ்சியெல்லாம் நொரை, கண்ணு எரிஞ்சு செவந்து தண்ணியாக் கொட்டுது. ஊரே வந்து நின்னுச்சு. ஆரும் கிட்டப் போகல, கால் வெச்சா எங்க அவனை மிதிச்சுருவமோன்னு.

கோபிகா மட்டும் போனா. ஆஸ்பத்திரியில இருந்து வந்த புள்ள, எலும்புந்தோலுமா, அத்தனை நொரையப் பாத்ததும் அதுக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. ஒரு வெரலை நீட்டி ஒவ்வொரு குமிழியா ஒடைச்சுது. “இதுல அப்பா இருக்காங்களா? இதுலம்மா?” பட். “இதுல?” பட். சம்பூர்ணம் புள்ள கையைப் புடிச்சா, புடிச்சுட்டு விட்டுட்டா. வேண்டாம்னு சொல்றதா, ஒடைன்னு சொல்றதா, அவளுக்கே தெரியல. நான் வாயில சேலையக் கடிச்சுக்கிட்டு அழுதேன்.

அன்னைக்குச் சாயங்காலமே என்ர கடைக்கு ஸ்டீபன் வந்தாரு, சரக்கு ஆட்டோ ஓட்டறவரு, அம்பது வயசு இருக்கும், ஊத்துக்குளிக்காரரு. டீய வாங்கிக்கிட்டே, “இன்னைக்கு ஒரு கூத்துங்கக்கா, நால் ரோட்டுல நிக்கறேன், நொரை பறந்து வந்து காதோரமா ஒட்டுச்சு, தொடைச்சேன், யாரோ ஒரு ஆளு பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பாத்தா ஆளே இல்லை”ன்னாரு. நான் அவரு கையைப் புடிச்சு இழுத்துட்டு ஓடுனேன்.

சம்பூர்ணம் ஈரச் சேலையோட எந்திரிச்சு நின்னா. “என்னங்ணா சொன்னாரு?”

“தெரியலீங்கம்மா. பின்னால ஒருத்தன் விடாம ஹாரன் அடிச்சான்.”

“ஆம்பளக் கொரலுங்களா?”

“ஆமாங்க.”

“கோவமாச் சொன்னாருங்களா?”

“இல்லைங்க. சும்மா, சாவகாசமா. ஊட்டுல பேசற மாதிரி.”

“நீளமா இருந்துச்சுங்களா, கொஞ்சமாங்களா?”

அந்த மனுசன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. காதுல விழுந்ததைக் கவனிக்கல, அதுக்கு அவரை என்ன சொல்ல முடியும், நம்ம காதுல நெதமும் எத்தனை விழுகுது. ஆனாலும் சம்பூர்ணம் விடல. அவரு வண்டி வர்ற நேரம் பாத்து என்ர கடையில வந்து உக்காந்துக்குவா, யோசிச்சுப் பாருங்ணா, ஒரு எழுத்து, மொத எழுத்து வந்தாக்கூடப் போதுங்ணாம்பா. அவரு வேற ரோட்டுல போயிருக்கலாம், போகல. வந்து அவ கண்ணைப் பாக்க முடியாம நிப்பாரு. குழாய்த் தண்ணி கெணத்துல விழுகற சத்தம் அங்க வரைக்கும் கேட்டுக்கிட்டு இருக்கும்.

கார்த்திகை பொறந்து ஒரு நாள் ஸ்டீபன் வண்டிய நிறுத்திட்டு வேகவேகமா வந்தாரு. தலைக்கு எண்ணெய் வெச்சுப் படிய வாரி, ஜெபத்துக்குப் போற சட்டை போட்டிருந்தாரு. “அம்மிணி, எனக்கு நெனப்பு வந்துருச்சுங்கம்மா”ன்னாரு. சம்பூர்ணம் ரெண்டு கையும் கும்புட்ட மாதிரி வெச்சுக்கிட்டு எந்திரிச்சா.

“‘அம்மிணி, நீ எதுக்கும் வெசனப்படாத. நம்ம கொழந்தையக் கண்ணு மாதிரிப் பாத்துக்க. நான் எங்கயும் போகல, உன்ர கூடவேதான் இருப்பேன்.’ இதேதாங்க சொன்னாரு.”

பாடம் ஒப்பிக்கற மாதிரி சொல்லி முடிச்சாரு. எத்தனை நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்திருப்பாரோ. சம்பூர்ணம் பொறுமையாக் கேட்டுக்கிட்டா. நல்லதுங்ணான்னா. “அக்கா, அண்ணனுக்கு ஒரு டீ குடுங்க”ன்னா. அவரு குடிச்சு முடிச்சு, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, வண்டிய எடுத்துட்டுப் போற வரைக்கும் நின்னு பாத்துக்கிட்டு இருந்தா.

அப்பறம் எம்பக்கம் திரும்பி, “அவரு அப்படியெல்லாம் பேசற ஆளில்லைங்கக்கா”ன்னா. பெஞ்சுல உக்காந்தா. என்ர போனைக் கேட்டா, சின்ராசுக்குப் போட்டுக் கருமாதிக்கு நாள் பாக்கச் சொல்றதுக்கு.